எடைமேடை நின்ற வெள்ளிக்கிழமை: ஒரு தோட்டப் பட்டணத்து நிகழ்வு ஆய்வு

பின்புலம்

இது தென் பேராக்கில், தெலுக் இந்தான் பக்கம் உள்ள ஒரு தோட்டப் பட்டணத்தில் நடந்தது. என் தாத்தா காலத்தில் அங்கே சுற்றிலும் ரப்பர். இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை. ஒரு தமிழ்க் குடும்பம் இரண்டாவது தலைமுறையாகச் சிறுதோட்டக்காரர்களிடம் பழக்குலை வாங்கி ஆலைக்கு ஏற்றி அனுப்புகிறது. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் பெற்ற கொள்முதல் நிலையம் அது. ஊரில் எல்லாரும் 'ரேம்ப்' என்பார்கள். சாலையோரத்தில் அதே குடும்பத்தின் உரக்கடை. இரண்டுக்கும் சேர்த்து ஒன்பது பேர் வேலை பார்க்கிறார்கள்.

நான் அந்த ஊரில் வளர்ந்தவன். ஈப்போவில் இருந்துகொண்டு சிறு நிறுவனங்களுக்குக் கணினிக் கட்டமைப்பு அமைத்துத் தருகிறேன். குடும்பத்தின் சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். இதே மாதிரி ஓர் அமைப்பு எத்தனையோ பட்டணங்களில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது, அது ஓடவில்லை என்பது யாருக்கும் தெரியாமலேகூட.

ரேம்ப்பின் உயிர் எடைமேடை. லாரி பழத்தோடு ஏறும்போது ஓர் எடை, இறக்கிவிட்டு வெளியேறும்போது ஓர் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பணம். எடையை, "திம்பாங் போட்டாச்சா?" என்று மலாய்ச் சொல்லிலேயே கேட்பார்கள். மேடைக்கு அடியில் எடையுணரிகள் இருக்கும். அவற்றின் கம்பி மண்ணுக்கடியில் ஓடிவந்து குடிசையில் உள்ள எடைகாட்டியில் சேரும். எடைகாட்டியில் இருந்து ஆர்எஸ்-232 என்ற வகைச் செம்பு வயர் ஒன்று எண்ணைச் சுமந்து மேசைக்கணினிக்குப் போகும். எடை மென்பொருள், அதன் எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் தரவுத்தளம், அன்றாட விலை, தோட்டக்காரர்களின் கணக்கு என எல்லாமே அந்த ஒரே கணினியில்தான். பக்கத்தில் ஒரு யூபிஎஸ், ஒரு யூஎஸ்பி வெளிவட்டு.

முதலில் அமைத்துக் கொடுத்தவர் ஒழுங்காகத்தான் அமைத்திருந்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எக்ஸ்பிரஸ் பதிப்பில் நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் ஏஜென்ட் கிடையாது. அதனால் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலையை எழுதிவைத்திருந்தார். தினமும் மாலை 6.30-க்குத் தரவுத்தளத்தின் நகல் வெளிவட்டில் எழுதப்படும். 30 நாளுக்கு மேல் பழையதான நகல்கள் அழிக்கப்படும். இணையம் போனால் மாற்றாக, கைத்தொலைபேசி வலையமைப்பு வழியே இணையம் தரும் ஒரு செல் மோடமும் உண்டு.

18 அக்டோபர் 2024

அக்டோபரில் பருவக்காற்று மாறும். பிற்பகல் ஆனால் இடி. பழமும் அந்த மாதங்களில்தான் அதிகமாக வரும். தீபாவளி அந்த ஆண்டு 31-ஆம் தேதி. 25-க்குள் எல்லாருக்கும் பணம் கைக்கு வந்துவிடும் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை நாலேகாலுக்கு, மேடையில் இருந்து முப்பது மீட்டர் தள்ளி நின்ற செம்பனை மரத்தில் மின்னல் விழுந்தது. மேடையில் அப்போது ஒரு லாரி. எடைகாட்டியில் எண் வந்துவிட்டது, சீட்டு இன்னும் அச்சாகவில்லை. எடைமேடைக் கிராணி, அதாவது எழுத்தர், அக்கா இருபது வருடமாக அந்த நாற்காலியில் இருப்பவர். எண் நிலைத்ததும் அதைக் கையில் கிடைத்த தாளில் ஒருமுறை எழுதிக்கொள்வது அவர் பழக்கம். பழைய சீட்டின் பின்புறத்தில் 18,240 என்று எழுதி முடித்தார். "வெடி போட்ட மாதிரி சத்தம் தம்பி, அப்புறம் எல்லாமே கறுப்பு" என்றார் பிறகு என்னிடம். யாருக்கும் அடிபடவில்லை.

கண்டவை

மறுநாள் காலை நான் போய்ச் சேர்ந்தபோது குடிசையில் கருகிய வாசனை இன்னும் இருந்தது. முதலில் கண்ணில் பட்டது யூபிஎஸ். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதற்கு ஒரு கீறல்கூட இல்லை. கணினியைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஆர்எஸ்-232 வயர் செருகியிருந்த முனையைச் சுற்றி ஒரு விரற்கடை அகலத்துக்குப் பிளாஸ்டிக் உருகிக் கறுத்திருந்தது.

அதாவது, மின்னல் மின்விநியோகம் வழியாக வரவே இல்லை. மரத்தில் இறங்கிய மின்சாரம் மண்ணில் பரவியபோது மேடைக்கு அடியில் உள்ள நிலத்தின் மின்னழுத்தம் கணப்பொழுதில் எகிறியது. குடிசையின் எர்த் தனி, மேடையின் எர்த் தனி. இரண்டுக்கும் நடுவே அந்த அழுத்தத்துக்குக் கிடைத்த பாதை எடையுணரிக் கம்பிதான். அது எடைகாட்டியைச் சுட்டு, வயர் வழியே கணினியின் தாய்ப்பலகையில் ஏறி, வன்வட்டின் மின்சுற்றுப் பலகையையும் கொன்றுவிட்டது. யூபிஎஸ் மின்சார வயரை மட்டுமே காக்கும். சமிக்ஞை வயர் வழியாக வருவதை அதனால் தடுக்க முடியாது. 'யூபிஎஸ் இருக்கே' என்ற நம்பிக்கையில்தான் அங்கே யாரும் இடிக்கு வேறு எந்தக் காப்பும் யோசிக்கவில்லை.

அடுத்தது வெளிவட்டு. அது பிழைத்திருந்தது. என் மடிக்கணினியில் செருகிப் பார்த்தேன்: வரிசையாக 30 நகல்கள். முதலாளியின் மகள் பக்கத்தில் நின்றார். கணக்கு படித்தவர், ரேம்ப்பின் வரவு செலவை அவர்தான் பார்க்கிறார். 30 கோப்புகளைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். நான் தேதியைப் பார்த்தேன். கடைசி நகல் 12 மார்ச் 2024.

ஏழு மாதம் காணோம்.

மார்ச் 13-ஆம் தேதி பழைய கணக்குக் கிராணி வேலையை விட்டுப் போயிருக்கிறார். அன்றைக்கே கணினியின் கடவுச்சொல்லை மாற்றினார்கள். செய்ய வேண்டிய காரியம்தான் அது. ஆனால் டாஸ்க் ஷெட்யூலர் அந்த வேலையைப் பழைய கடவுச்சொல்லோடுதான் சேமித்து வைத்திருந்தது. அன்று மாலை முதல் தினமும் 6.30-க்கு உள்நுழைவு மறுக்கப்பட்டு வேலை தொடங்காமலே நின்றிருக்கிறது. நகலெடுப்பதும் பழையதை அழிப்பதும் ஒரே வேலைக்குள் இருந்ததால், நகலெடுப்பு நின்ற அன்றே அழிப்பும் நின்றுவிட்டது. அதனால்தான் கோப்புறை எப்போது பார்த்தாலும் நிறைந்தே இருந்தது. அக்கா மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்திருக்கிறார். முப்பது இருக்கிறதா என்று எண்ணிவிட்டு மூடியிருக்கிறார். அவரிடம் சொல்லிக்கொடுத்திருந்தது அவ்வளவுதான்.

செல் மோடத்தையும் எடுத்துப் பார்த்தேன். அது 3ஜி மோடம். மலேசியாவில் 3ஜி சேவையை 2021 இறுதியோடு நிறுத்திவிட்டார்கள். ஏறத்தாழ மூன்று வருடமாக அந்த மோடம் மேசையில் விளக்கெரிய உட்கார்ந்திருந்ததே தவிர, ஒரு நாள்கூடப் பயன்பட்டிருக்க முடியாது.

பெரிய இடங்களிலும் இது நடக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, நிரலாளர்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையச் சேவையை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான வழங்கியில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். அன்றாட நகலெடுப்பு பதிப்பு முரண்பாட்டால் முன்பிருந்தே தோல்வியடைந்துகொண்டிருந்தது. அதை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்துவைத்திருந்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. நடந்ததை அவர்களே ஒளிவுமறைவில்லாமல் எழுதி வெளியிட்டார்கள். அதை முதலாளிக்குச் சொன்னேன், ஆறுதலுக்காக இல்லை. ரேம்ப்பில் யார் மேலும் பழி போட வேண்டாம் என்பதற்காக. வேலை நின்றதைச் சொல்ல ஒரு வாய் அந்த அமைப்பில் வைக்கப்படவே இல்லை. பிழை அங்கேதான்.

முதல் இரண்டு வாரம்

பழம் காத்திருக்காது. வெட்டி, அடிபட்ட குலையில் மணிக்கணக்கில் கொழுப்பு அமிலம் ஏறும். ஆலை தரம் குறைத்துவிடும். ஆகவே கணினியைவிட எடை முக்கியம். நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு வியாபாரியிடம் முதலாளி நேரில் போய்ப் பேசினார். ஒரு வாரத்துக்கு அவருடைய மேடையில் எடை போட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டார் அந்த மனிதர். போட்டியாளர்தான், ஆனாலும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. எங்கள் எடைகாட்டியை மாற்றி, எடைகள் மற்றும் அளவைகள் சட்டப்படி சோதனையும் முத்திரையும் முடிந்து மேடை திரும்ப ஆறு நாளானது.

அடுத்த கேள்வி, காணாமல் போன ஏழு மாதத்தில் எதை மீட்பது? ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது சீட்டு. எல்லாவற்றுக்கும் கார்பன் நகல் உண்டு, அட்டைப்பெட்டிகளில் மாதவாரியாகக் கட்டிவைத்திருந்தார் அக்கா. எல்லாவற்றையும் தட்டச்சு செய்துவிடலாம் என்று மகள் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். மார்ச் முதல் செப்டம்பர் வரை பணம் கொடுத்து முடிந்துவிட்டது. மாதக் கணக்கு அச்சாகித் தோட்டக்காரர் கையில் இருக்கிறது, அதன் நகல் கணக்காய்வாளரிடம் இருக்கிறது. அந்த மாதங்களுக்கு ஆளுக்கு ஒரு மொத்தம் போதும். பணம் இன்னும் கொடுக்காத அக்டோபர் 1 முதல் 18 வரைக்கு மட்டும் சீட்டுச் சீட்டாகப் பதிய வேண்டும். ஒருவர் வாசிக்க, ஒருவர் தட்டச்சு செய்ய, மூன்றாமவர் மொத்தத்தைச் சரிபார்க்க. ஐந்து இரவு பிடித்தது. அந்த லாரியின் 18,240 தாளில் இருந்துதான் ஏறியது.

25-ஆம் தேதி மாலைக்குள் எல்லாருக்கும் பணம் போய்விட்டது.

செத்த வன்வட்டைக் கோலாலம்பூரில் தரவு மீட்கும் கடை ஒன்றுக்கு அனுப்பியிருந்தோம். மின்சுற்றுப் பலகையை மாற்றி, ஐந்து வாரம் கழித்து முழுத் தரவையும் திருப்பித் தந்தார்கள். கையால் பதிந்ததோடு ஒப்பிட்டபோது 11 சீட்டுகளில் தவறு தெரிந்தது. பெரும்பாலும் 3-க்கும் 8-க்கும் குழப்பம். குறைவாகப் பெற்றவர்களுக்கு அடுத்த கொடுப்பில் சேர்த்துக் கொடுத்தார்கள். கூடுதலாகப் பெற்றவர்களிடம் முதலாளி எதுவும் கேட்கவில்லை. மார்ச் 13-இல் என்ன நடந்தது என்பதும் அந்த வட்டில் இருந்த பதிவுகளில்தான் உறுதியானது.

எடுத்த முடிவுகள்

மென்பொருள் விற்பவர் ஒருவர் எல்லாவற்றையும் மேகக்கணிக்கு, அதாவது இணையம் வழியே எட்டும் வெளித் தரவு மையத்துக்கு, மாற்றிவிடலாம் என்றார். உலாவியைத் திறந்தால் போதும், ரேம்ப்பில் எதையும் பராமரிக்க வேண்டாம். முதலாளிக்குப் பிடித்திருந்தது. நான் மூன்று வாரம் அவகாசம் கேட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை இணையத்தைத் தட்டிப் பார்க்கும் ஒரு சிறு நிரலை ஓடவிட்டேன். 14 முறை இணையம் போயிருந்தது. நீளமான ஒன்று ஐந்து மணி நேரம். உயரமாகப் பழம் ஏற்றிய லாரி ஒன்று சாலை மேல் தொங்கிய கேபிளை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நேரம் வேலை செய்தால் நல்ல அமைப்புதானே என்று முதலாளி கேட்டார். வருடத்துக்கு 8,760 மணி நேரம். அதில் ஒரு விழுக்காடு 87 மணி நேரத்துக்கும் மேல், அதாவது மூன்றரை நாள். அது பழம் குவியும் அக்டோபரில் வந்தால்? சரி, மேடை இணையத்தை நம்பக்கூடாது என்று முடிவானது.

ஆகவே எடை போடுவது, சீட்டு அச்சடிப்பது, பதிவது எல்லாம் குடிசையிலேயே. விசிறி இல்லாத சிறு கணினிகள் இரண்டு வாங்கினோம். ஒன்று ஓடும், மற்றது அதே அமைப்போடு உரக்கடைப் பெட்டகத்தில் அணைத்து வைத்திருக்கும். டெபியன் இயங்குதளம், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். சீட்டு தரவுத்தளத்தில் உறுதியாகப் பதிந்த பிறகே அச்சுக்குப் போகும். காகிதத்தில் இருப்பது கணினியில் இல்லாமல் போகக்கூடாது. பதிந்த ஒவ்வொரு சீட்டும் ஒரு வரிசையில் நிற்கும். இணையம் இருக்கும்போது ஒரு பின்னணிச் சேவை அந்த வரிசையை எடுத்து மேகக்கணிக்கு அனுப்பும். போகவில்லை என்றால் அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மறுபடி முயலும்.

மேகக்கணிக்கு மலேசியாவுக்குள் இருக்கும் தரவு மையத்தையே தேர்ந்தெடுத்தோம். அமேசான் வெப் சர்வீசஸ் 2024 ஆகஸ்டில்தான் இங்கே தன் மையத் தொகுதியைத் திறந்திருந்தது. தோட்டக்காரர்களின் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அதில் இருக்கின்றன. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் அப்போது நிறைவேறியிருந்தது. தரவு கசிந்தால் அறிவித்தே தீர வேண்டும் என்ற விதி 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. தரவு நாட்டுக்குள்ளேயே இருப்பதில் குடும்பத்துக்கும் ஒரு நிம்மதி.

இடிக்கு மூன்று காரியம் செய்தோம். மேடையின் இரும்புச் சட்டம், எடைகாட்டி, குடிசையின் மின்பலகை எல்லாவற்றையும் தடித்த செம்புப் பட்டையால் ஒரே எர்த்தில் இணைத்தோம். அதன் மின்தடை 10 ஓமுக்குக் கீழே வரும்வரை மின்பணியாளர் தண்டுகளை இறக்கிக்கொண்டே போனார். எடையுணரிக் கம்பி குடிசைக்குள் நுழையும் இடத்தில் மின்னெழுச்சித் தடுப்பான் வைத்தோம். எடைகாட்டிக்கும் கணினிக்கும் நடுவே செம்பு வயரை எடுத்துவிட்டு, எண்ணை ஒளியாகக் கொண்டுபோகும் கண்ணாடியிழை இரண்டு மீட்டர் போட்டோம். கண்ணாடியில் மின்சாரம் பாயாது. மொத்தச் செலவில் மிகச் சிறிய தொகை இதுதான். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

காப்பு நகலுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 வழக்கம். பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் தன் படங்களைப் பத்திரப்படுத்தச் சொன்ன வழி அது. பிறகு கணினித் துறை முழுக்கப் பரவியது. நகலெடுக்க ரெஸ்டிக் என்ற நிரல். முதலில் இரவு 2 மணிக்கு ஓடும்படி வைத்தேன். முதல் இரவே ஓடவில்லை. ஏழு மணிக்குக் கடை மூடும்போது இடிக்குப் பயந்து மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போவது அந்த ஊர்ப் பழக்கம். அதை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் பயம் நியாயமானது. நான் நேரத்தை மாற்றினேன். அக்கா திரையில் 'நாள் முடிப்பு' என்ற பொத்தானை அழுத்தினால் அன்றைய மொத்தம் அச்சாகும். அதோடு நகலும் எடுக்கப்படும். நகல் முடிந்த பிறகுதான் 'இப்போது அணைக்கலாம்' என்று திரையில் வரும்.

இந்த முழு வேலையிலும் நான் முக்கியமாகக் கருதுவது அடுத்ததைத்தான். நகல் எடுத்து, அதில் உள்ள சீட்டுகளின் எண்ணிக்கை அன்றைய எண்ணிக்கையோடு ஒத்துப்போனால் மட்டும், வெளியே இருக்கும் ஒரு கண்காணிப்புச் சேவைக்கு 'முடிந்தது' என்று ஒரு துடிப்பு போகும். இரவு 8 மணிக்குள் துடிப்பு வரவில்லை என்றால் அந்தச் சேவை மூன்று பேரின் டெலிகிராமுக்குச் செய்தி அனுப்பும். தோல்வியை அறிவிக்கும் பொறுப்பைத் தோற்ற கணினியிடமே விட்டுவைத்தால் அது செத்துப்போன நாளில் யார் பேசுவது? வெற்றியைச் சொல்வது மட்டுமே அதன் வேலை. சொல்லாமல் இருந்தால் வெளியே இருப்பவன் கூச்சல் போட வேண்டும். இரவு 2 மணி நகல் ஓடாததை மறுநாளே எனக்குச் சொன்னது இந்தத் துடிப்புதான். பழைய அமைப்பில் இதே பிழைக்கு ஏழு மாதமும் ஓர் இடியும் தேவைப்பட்டன.

தொடக்கத்தில் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை வைத்துவிட்டேன். இணையம் போனால், வரிசை நீண்டால், வட்டு எழுபது விழுக்காடு நிரம்பினால். பத்து நாளில் முதலாளியின் மகள் அந்தக் குழுவை மௌனமாக்கிவிட்டார். அவர் செய்தது சரி. மூன்றே மூன்று எச்சரிக்கைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட்டேன்: நகல் துடிப்பு வரவில்லை, வரிசை நான்கு மணி நேரத்துக்கு மேல் தேங்கியது, எடைகாட்டியில் இருந்து எண் வரவில்லை.

பொங்கலன்று இரண்டு நடை

புதிய அமைப்பு டிசம்பரில் ஓடத் தொடங்கியது. ஜனவரி மாதக் கணக்கு தோட்டக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் தானாகவே போனது. மறுநாள் காலை, மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒரு பெரியவர் பேரனின் கைத்தொலைபேசியோடு ரேம்ப்புக்கு வந்தார். "அம்மா, பொங்கலன்னைக்கு நான் ஒரு நடைதான் வந்தேன். இதுல ரெண்டு போட்டிருக்கு. எனக்கு வேணாம் அந்தக் காசு."

அக்கா உடனே என்னை அழைத்தார். பதிவைப் பார்த்தேன். சீட்டு மேகக்கணிக்குப் போய்ச் சேர்ந்து அங்கே எழுதப்பட்டிருக்கிறது. 'பெற்றேன்' என்ற பதில் திரும்பி வருவதற்குள் இணையம் அறுந்திருக்கிறது. பதில் வராததால் குடிசைக் கணினி அதைப் போகாத சீட்டாகவே கருதி மறுபடி அனுப்பியிருக்கிறது. அங்கே இரண்டாவது சீட்டாக ஏறிவிட்டது. என் பிழை. மறுமுயற்சியை எழுதியவன், அதே சீட்டு இரண்டாம் முறை வந்தால் என்ன செய்வது என்பதையும் அன்றே எழுதியிருக்க வேண்டும்.

அன்றிரவே திருத்தினேன். மேடை எண், தேதி, வரிசை எண் மூன்றும் சேர்ந்த சீட்டு எண்ணையே தனித்த சாவியாக்கினேன். அதே சாவியோடு மறுபடி வந்தால் மேகக்கணி எதையும் எழுதாது. 'பெற்றேன்' என்று மட்டும் சொல்லும். பத்து முறை அனுப்பினாலும் ஒரு சீட்டுதான். மாதம் முழுதும் தேடியதில் இன்னும் மூன்று இரட்டைகள் கிடைத்தன. பணம் கொடுப்பதற்கு முன்பே திருத்தி, அந்த மூவரிடமும் மகள் தானே பேசி விளக்கினார். கணக்கை அனுப்பும் முன் குடிசையின் மொத்தமும் மேகக்கணியின் மொத்தமும் கிலோவுக்குக் கிலோ ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஒரு படியும் அன்று முதல் உண்டு. பெரியவர் மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் இது எத்தனை மாதம் ஓடியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

மீட்டெடுத்துப் பார்த்தது

மார்ச் 2025-இல், பெட்டகத்தில் உள்ள மாற்றுக் கணினியில் நகலில் இருந்து முழு அமைப்பையும் எழுப்பிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். நான் தொடக்கூடாது, மகள்தான் செய்ய வேண்டும், கையில் நான் எழுதிக்கொடுத்த தாள் மட்டும். நாலாவது படியில் நின்றுவிட்டார். ரெஸ்டிக் நகல்கள் குறியாக்கம் செய்யப்பட்டவை. கடவுச்சொல் இல்லாமல் யாராலும் திறக்க முடியாது. அந்தக் கடவுச்சொல் ஓடும் கணினியில் மட்டுமே இருந்தது. அன்றைக்கு மின்னல் விழுந்திருந்தால் மூன்று பிரதியும் பூட்டிய பெட்டிகளாகவே இருந்திருக்கும்.

கடவுச்சொல்லை அச்சிட்டு, உறையில் போட்டு, ஒன்று உரக்கடைப் பெட்டகத்திலும் ஒன்று முதலாளி வீட்டிலும் வைத்தோம். தாளைத் திருத்தி மறுவாரம் மறுபடி முயன்றார். 47 நிமிடத்தில் மாற்றுக் கணினி எழுந்தது, முந்தின நாள் மாலையின் கடைசிச் சீட்டோடு.

இ-இன்வாய்ஸ்

ஆண்டு விற்பனை 50 லட்சம் முதல் 2.5 கோடி ரிங்கிட் வரை உள்ள நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை மின்னணு வடிவில் வரி வாரியத்துக்கு அனுப்பும் முறை, 2025 ஜூலை 1-இல் தொடங்கியது. உரக்கடைக்கு அதைத் தானியங்கியாக்கினோம். மேடையில் கற்றதே இங்கும் உதவியது. கல்லாவில் பில் போடுவது உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் வழங்கிக்காகக் காத்திருக்கக்கூடாது. பில் முதலில் கடையில் பதியும், வரிசையில் நிற்கும், பின்னணிச் சேவை அதை அனுப்பிவிட்டு நிலையைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

சோதனைத் தளத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தோம், இது பலருக்கும் உதவும். மைஇன்வாய்ஸ் நேரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் கேட்கிறது. நம் நேரம் அதைவிட எட்டு மணி நேரம் முன்னால். உள்ளூர் நேரத்தை அப்படியே யூடிசி என்று அனுப்பினால் அது இன்னும் வராத நேரத்துப் பில்லாகிவிடும். சரியாக மாற்றினாலோ, காலை 8 மணிக்கு முன் போட்ட பில்லின் தேதி முந்தின நாளுக்குப் போய்விடும். தோட்டப் பட்டணத்தில் உரக்கடை ஏழு மணிக்கே திறக்கும். முதல் தேதி காலை ஏழேகாலுக்குப் போட்ட பில் யூடிசியில் போன மாதத்தது. ஆகவே ஒவ்வொரு பில்லிலும் இரண்டு தேதியும் தனித்தனியாகச் சேமிக்கிறோம். கடைக் கணக்கு உள்ளூர்த் தேதியில், அனுப்புவது யூடிசியில். மாதக் கடைசியில் இரண்டும் ஒத்துப்போகாத பில்களை மட்டும் ஒரு பட்டியலாக மகளுக்கு எடுத்துத் தருகிறது நிரல்.

பின்னர் நடந்தது

2025 அக்டோபரில் மறுபடி இடி. இம்முறை மேடைக்குப் பக்கத்திலேயே. மின்னெழுச்சித் தடுப்பான் கருகிப் போனது. அதன் வேலையே அதுதான். எடைகாட்டியும் கணினியும் தப்பின. எடைகாட்டி எச்சரிக்கை வந்ததும் அக்கா பெட்டியில் இருந்த மாற்றுத் தடுப்பானை மின்பணியாளரை வைத்துப் பொருத்தினார். நான் ஈப்போவில் இருந்து கிளம்புவதற்குள் "தம்பி, லாரி ஏறியாச்சு" என்று அழைத்துவிட்டார்.

மறுபடி செய்வதானால் சிலவற்றை மாற்றுவேன். எர்த்தைத்தான் முதல் நாளே அளந்திருப்பேன்; மென்பொருளைப் பற்றிப் பேசியே மூன்று வாரத்தைக் கடத்திவிட்டேன், அந்த மூன்று வாரமும் மேடை பழைய நிலையிலேயே இடிக்கு அடியில் நின்றது. மீட்டெடுக்கும் சோதனையை அமைப்பு ஓடத் தொடங்கும் முன்பே செய்திருப்பேன். யாராவது வேலையை விட்டுப் போனால் எந்தக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், அதை எந்தெந்த வேலைகள் பயன்படுத்துகின்றன என்று ஒரு தாள் இப்போது குடிசைச் சுவரில் இருக்கிறது. அதைத் தொடக்கத்திலேயே எழுதியிருக்கலாம். தானியங்கி வேலைகளெல்லாம் இப்போது எந்த ஆளின் பெயரிலும் இல்லை, தனிக் கணக்கில் ஓடுகின்றன.

தீராதது ஒன்று இருக்கிறது. எண் நிலைத்ததும் தாளில் எழுதிக்கொள்ளும் அக்காவின் பழக்கம் எந்தத் தாளிலும் விதியாக இல்லை. அடுத்த ஆண்டு அவர் ஓய்வு பெறப் போகிறார். அவர் இடத்துக்கு வரவிருக்கும் இளம் பெண்ணுக்காக மேசையில் எண்ணிட்ட நோட்டு ஒன்றைக் கட்டிவைத்திருக்கிறோம். ஒரு வாரமாக அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அதில் எழுதிப் பழகுகிறார்.